நாளைக்கு 100 டன்னா, 14 டன்னா? துருவப் பனியில் விண்தூசியை எப்படி எண்ணுகிறார்கள்?

ஆறாவது_விரல்:

வணக்கம் நண்பர்களே. இது மகளால் வந்த வினை. ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டுக் காக்கைக்குக் காவலாக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருந்திருக்கலாம். "பூமி மேல தினமும் 100 டன் விண்தூசி விழுது தெரியுமா, இந்த வடாம் மேலயும்தான்" என்று எங்கேயோ படித்ததைப் பெருமையாக எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தாள். அன்டார்ட்டிகாவில் பனியைத் தோண்டி எண்ணிப் பார்த்ததில் வருஷத்துக்கே 5,200 டன்தானாம், 365-ஆல் வகுத்தால் நாளைக்கு 14 டன், நீங்கள் சொன்னது ஏழு மடங்கு அதிகம் என்கிறாள்.

நானும் தேடிப் பார்த்தேன். 5,200 உண்மைதான், 2021-இல் வந்திருக்கிறது. ஆனால் 100 டன் கணக்கும் நல்ல இடங்களிலேயே இருக்கிறது. எது சரி? அதைவிட எனக்குப் புரியாதது, பூமியின் ஏதோ ஒரு மூலையில் நாலு குழி தோண்டிவிட்டு முழு உலகத்துக்கும் எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள்? துருவத்தில்தான் நிறைய விழுகிறதா? காற்றில் வரும் மண்ணும் அதே பனியில்தானே கிடக்கும், அதில் இது வானத்திலிருந்து வந்தது, இது பக்கத்து மலையிலிருந்து வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய_பௌதிகம்:

தம்பி, உங்கள் மகள் வகுத்தது சரி. நீங்கள் சொன்னதும் தப்பில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

துருவத்தில் விண்தூசி அதிகமாக விழுவதில்லை. மற்ற தூசி குறைவாக விழுகிறது, சங்கதி அவ்வளவுதான். உங்கள் மாடியிலும் கிட்டத்தட்ட அதே அளவு விழுகிறது. ஆனால் கூடவே ரோட்டு மண், சிமெண்டு, டயர் தேய்ந்த கரி, வேப்பம்பூ, காக்கை எச்சம் எல்லாம் விழுகிறது, மழை வந்தால் மொத்தமும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. அன்டார்ட்டிகாவின் நடுவில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் படித்த ஆய்வு டோம் சி என்ற இடத்தில் நடந்தது, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடற்கரையிலிருந்து 1,100 கிலோமீட்டர் உள்ளே, 3,200 மீட்டர் உயரத்தில், அதாவது ஊட்டியைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே. சுற்றிலும் ஒரு பாறை கிடையாது, காலுக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் பனிதான். மண் வர வேண்டுமென்றால் வேறு கண்டத்திலிருந்து காற்றில் வர வேண்டும், அவ்வளவு தூரம் பறந்து வரும் மண் மிகவும் பொடியாகத்தான் இருக்கும், சல்லடையிலேயே நழுவிவிடும்.

ழான் டுப்ரா, செசில் ஆங்கிரான் இருவரும் முன்னின்று இருபது வருஷத்தில் ஆறு முறை போய்வந்த வேலை இது. மேலே கிடக்கும், ஆள் நடமாட்டம் பட்ட பனியை ஒதுக்கிவிட்டு, சில மீட்டர் ஆழத்துக்குக் குழி இறக்கி, கோடைக் குளிரே மைனஸ் 30 டிகிரியை ஒட்டி இருக்கும் அந்த இடத்தில் கையாலேயே பனியை வெட்டிச் சுத்தமான பீப்பாய்களில் நிரப்புவார்கள். அதை எஃகுத் தொட்டியில் உருக்கி, 30 மைக்ரான் கண் உள்ள சல்லடையில் வடிகட்டுவார்கள். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத ஓட்டை அது. ஊசி போட வந்த மாதிரி முகமூடி, கையுறை, தலைக்கு உறை எல்லாம் உண்டு, ஏனென்றால் ஸ்வெட்டரிலிருந்து விழும் ஒரு நூலே வடிகட்டியில் வடக்கயிறு மாதிரி கிடக்கும்.

உலகத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி என்றீர்கள். பனி ஒரு காலண்டர், அதுதான் சூட்சுமம். டோம் சி-யில் வருஷம் முழுக்க விழும் பனியை உருக்கினால் மூன்று சென்டிமீட்டர் தண்ணீர்கூட வராது. நம் ஊர் ஐப்பசி மழை அரை மணியில் கொட்டுவது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 27 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு கன மீட்டர் பனி ஏறக்குறைய 350 கிலோ. வகுத்துப் பாருங்கள், 13. ஒரு கன மீட்டர் பனியை வெட்டி எடுத்தால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 13 வருஷம் விழுந்த தூசி உங்கள் கையில் இருக்கிறது. 5,200 டன்னைப் பூமியின் மொத்தப் பரப்பில் பரப்பினால் சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 10 மைக்ரோகிராம் வருகிறது. ஆக அந்த ஒரு கன மீட்டர் பனிக்குள் 130 மைக்ரோகிராம். தூள் உப்பில் இரண்டு மூன்று மணியின் எடை. அதைத்தான் உருக்கித் தேடுகிறார்கள்.

தூசி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, பூமியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அட்சரேகைக்கு அட்சரேகை கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, பல வருஷத்தைச் சேர்த்து எடுக்கும்போது அது பெரிதில்லை. 100 டன் கதையை அப்புறம் எழுதுகிறேன், மாத்திரை போடும் நேரம்.

மண்ணியல்_மாணவி:

சார் சொன்னதற்கு மேல், எப்படி அடையாளம் காண்கிறோம் என்ற பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் துருவம் போகும் கொடுப்பினை எல்லாம் இல்லை. ஆழ்கடல் களிமண்ணிலிருந்து இதே மாதிரித் துகளைப் பொறுக்குவதுதான் இப்போதைய பிழைப்பு. வேலை ஒன்றுதான். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கண்ணாடித் தட்டை வைத்து, ஈரமான ஒற்றை முடித் தூரிகையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான். போன மாதம் ஒரு முழு மதியம் தேடிக் கண்டுபிடித்த அழகான உருண்டை ஒன்று, நான் "அப்பாடா" என்று மூச்சு விட்டதில் பறந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தின் தரையில் எங்கோ கிடக்கிறது.

பெரும்பாலானவர்கள் நினைப்பது காந்தத்தில் ஒட்டினால் விண்தூசி என்று. இல்லை. வளிமண்டலத்துக்குள் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வரும் துகள், 80-100 கிலோமீட்டர் உயரத்திலேயே சூடேறி உருகிச் சொட்டாகி, உறைந்து உருண்டையாகிறது. இதை விண்கோலி என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம், கோலிகுண்டு மாதிரி இருப்பதால். சில துகள்கள் சின்னதாகவோ மெதுவாகவோ வந்தால் உருகாமல் தப்பித்து விழும், வெளியே மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் மெல்லிய தோல் மட்டும் கட்டியிருக்கும். அந்த உருகாத துகள்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தங்கம்.

உருண்டையை அறுத்துப் பளபளப்பாக்கிப் பார்த்தால் உள்ளே ஒலிவின் என்ற கனிமத்தின் கம்பிகள் ஜன்னல் கம்பி மாதிரி இணையாக ஓடும், நடுவில் மாக்னடைட் சின்னச் சின்ன மரம் மாதிரிக் கிளைத்திருக்கும். சில விநாடியில் உருகி உறைந்தால்தான் அந்தக் கோலம் வரும். அப்புறம் வேதியியல். மக்னீசியம், சிலிக்கான், இரும்பு மூன்றும் கோண்டிரைட் விண்கல்லில் இருக்கும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும், சோடியமும் பொட்டாசியமும் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். அனல்மின் சாம்பல் உருண்டை பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் அலுமினியம் ஏராளம், மக்னீசியம் அற்பம், மாட்டிக்கொள்ளும். வெல்டிங் பொறியில் நிக்கல் இருக்காது. எவர்சில்வர் அறுக்கும் பட்டறையின் பொறியில் நிக்கல் இருக்கும், ஆனால் கூடவே குரோமியமும் வந்து காட்டிக்கொடுத்துவிடும். இதிலும் சந்தேகமென்றால் ஆக்சிஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்), விண்வெளியில் கதிர்வீச்சு பட்டதால் உண்டான அலுமினியம்-26 என்று மேலே மேலே போகலாம்.

இந்தப் பனியில் தேடும் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1870-லேயே நோர்டன்ஷோல்ட் கிரீன்லாந்துப் பனியில் குழி குழியாகக் கிடந்த கறுப்புப் பொடியைப் பார்த்துவிட்டு, கிரயோகோனைட் என்று பெயரும் வைத்து, இது வானத்திலிருந்து வந்தது என்றார். பெரும்பகுதி காற்றில் வந்த மண்ணும் பாசியும்தான், அவர் சொன்னது எடுபடவில்லை. ஆனால் முழுக்கத் தப்பும் இல்லை. 1984-இல் மிஷேல் மோரெத் குழு அதே கிரீன்லாந்தில் கோடையில் உருகி நிற்கும் நீலக் குளங்களின் அடியிலிருந்து அந்தக் கறுப்புச் சேற்றை அள்ளிப் பார்த்தது, பாசி நூல்களுக்குள் சிக்கிக் கிடந்த விண்துகள்கள் ஏராளமாகக் கிடைத்தன. பாசியைப் பிரிக்கச் சல்லடையில் போட்டுத் தேய்த்தார்கள், தேய்த்ததில் உடையக்கூடியதெல்லாம் உடைந்து போனது. அதனால்தான் அடுத்து அன்டார்ட்டிகாவின் கேப் ப்ரூதோம் போய், கரையோர நீலப் பனியை நீராவியால் உருக்கி வடித்தார்கள். 1991-இல் நேச்சர் இதழில் அவர்கள் கட்டுரை, 100 டன் பனி என்று தலைப்பிலேயே இருக்கும். அங்கே இன்னொரு சிக்கல், துகள் தண்ணீரில் ஊறியதில் கந்தகச் சேர்மங்கள் கரைந்து வெளியே போய்விட்டன. கான்கார்டியாவின் நடுக்காட்டுப் பனியில் தண்ணீரே பட்டதில்லை, துகள் விழுந்த கோலத்திலேயே இருக்கிறது. ஆக இந்தத் துறையின் கதையே, எடுக்கும் வழியில் துகளைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி என்ற கதைதான். என் தூரிகையையும் சேர்த்து.

ஒஸ்லோக்_கூரை:

நான் இருக்கிறது ஒஸ்லோவில். இந்த ஊரில் யோன் லார்சன் என்று ஒரு ஜாஸ் கிட்டார் வாசிக்கிற மனிதர் இருக்கிறார், வீட்டுக் கூரையில் மழைநீர் ஓடும் பீலிகளில் இருந்து விண்துகள் எடுத்துக் காட்டினவர் அவர்தான். நகரத்தில் கிடைக்கவே கிடைக்காது என்று விஞ்ஞானிகள் கனகாலம் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மாத்யூ கெஞ்சோடு சேர்ந்து 2017-இல் கட்டுரையே வந்தது, 300 கிலோ பீலிச் சேற்றில் 500 துகள். ஆகவே துருவம் போகத் தேவையில்லை, உங்கள் மகள் மாடியிலேயே தேடலாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஆனால் என் அனுபவத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கோடைக்கு முந்தி நானும் ஏணி வைத்து ஏறி ஆறு கிலோ சேறு அள்ளினேன். கழுவி, காயவைத்து, நல்ல காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இழுத்தேன். கறுப்புப் பொடி ஒரு தேக்கரண்டி வந்தது. மகிழ்ச்சியில் அன்று இரவு நித்திரை இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டை உருண்டையாக நூற்றுக்கணக்கில். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பரிசோதித்ததில் ஒன்றுகூட வானத்தில் இருந்து வந்தது இல்லை. பாதி கூரை ஓட்டில் தூவியிருக்கும் கனிமப் பொடி, மிச்சம் புதுவருட வாணவேடிக்கை. இங்கே புதுவருடத்துக்கு வெடிக்கிற வெடி அப்படி.

மண்ணியல்_மாணவி:

ஒஸ்லோ அண்ணா, தீபாவளிக்கு நம் மாடியும் அப்படித்தான். ஆறு கிலோவுக்கு ஒன்றும் கிடைக்காதது ஆச்சரியமில்லை. லார்சன் கணக்கையே எடுத்தால் கிலோவுக்கு ஒன்று, இரண்டு, ஆறு கிலோவில் பத்துதான், அது நூற்றுக்கணக்கான போலிக்கு நடுவில் தொலைந்துவிடும். அவரும் எது எது போலி என்று பல வருஷம் பார்த்துப் பழகிய பிறகுதான் அசலைப் பிடித்தார். காந்தத்தில் இன்னொரு ஓரவஞ்சனை உண்டு. கண்ணாடியாக உறைந்த கல் உருண்டைகள் காந்தத்துக்கு வராது. 1870-களில் சேலஞ்சர் கப்பல் அள்ளி வந்த கடலடி மண்ணில் ஜான் முர்ரே காந்தத்தால்தான் முதன்முதலில் விண் உருண்டைகளைப் பிரித்தார். கல் உருண்டைகளைக் கடல்நீரும் அரித்துவிடுகிறது, அதனால் கடல் சேகரிப்புகளில் இரும்பு உருண்டை அதன் யோக்கியதைக்கு மேல் நிறையத் தெரியும். துருவப் பனியில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கல் உருண்டைதான்.

உப்புக்கண்டம்:

எல்லாம் சரி. எனக்கு ஒரு நெருடல். பனி பாலைவன மணல் மாதிரிக் காற்றில் ஓடும், மேடு கட்டும், பள்ளம் பறிக்கும். 13 வருஷப் பனி என்று எடுத்த குழியில் பாதி வருஷம் பறந்து போயிருந்தால்? தூசி கனமானது, பனி லேசானது, காற்று பனியை மட்டும் தள்ளிக்கொண்டு போய்த் தூசியை விட்டுவைத்தால் கணக்கு இரட்டிப்பாகாதா? பத்திரிகைக்காரர்கள் 5,200 என்று எழுதும்போது பிழை எல்லை எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. இப்படித்தான் 1908-இல் சைபீரியாவின் வானில் நடந்த துங்குஸ்கா வெடிப்பின் இரிடியம் (விண்கற்களில் அதிகம் உள்ள உலோகம்) தென்துருவப் பனியில் கிடைத்தது என்று 1983-இல் ஒருவர் எழுதினார், பின்னால் 1990-இல் பிரெஞ்சுக்காரர்கள் போய்த் தோண்டினால் அப்படி ஒன்றும் இல்லை.

ஆறாவது_விரல்:

உப்புக்கண்டம் கேட்டதுதான் என் மகளும் கேட்டாள், கொஞ்சம் மரியாதையாக. அத்தோடு அந்த 100 டன் பாக்கி இருக்கிறது சார், மாத்திரை போட்டாச்சா?

பழைய_பௌதிகம்:

போட்டாச்சு.

உப்புக்கண்டத்தின் கேள்வி நியாயமானது. பனி ஓடுவது உண்மைதான், அதனால்தான் இடம் முக்கியம். டோம் என்றாலே கவிழ்த்த தட்டின் உச்சி மாதிரி. அன்டார்ட்டிகாவின் பேய்க்காற்று எல்லாம் உச்சியிலிருந்து சரிந்து கரையை நோக்கி வேகம் எடுப்பது, கிளம்பும் இடத்தில் அது தென்றல். கரையில் இதே குழியைத் தோண்டியிருந்தால் உங்கள் சந்தேகம் கொன்றே போட்டிருக்கும். அப்புறம் பனிக்குள் தேதிக் குறி இருக்கிறது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைக் கதிரியக்கம் ஒரு கோடு, அகுங், பினாட்டுபோ எரிமலைகளின் கந்தக அமிலம் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கு நடுவில் எத்தனை பனி என்று அளந்தால் சராசரி கிடைக்கும். ஒரு குழியை மட்டும் நம்பவில்லை, பல வருஷத்தில் பல குழி. பிழை எல்லையும் கொடுத்திருக்கிறார்கள், 5,200-க்கு மேலே 1,500, கீழே 1,200. பத்திரிகை அதை விட்டுவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்.

வேறு வழியில் அளந்தது ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அது. தென்துருவத்தின் அமெரிக்க நிலையத்தில் குடிநீர்க் கிணறு ஒன்று. நம் கிணறு மாதிரி இல்லை. பனிக்குள் ஆழமாகச் சுடுநீரை இறக்கி உருக்கி, உள்ளே ஒரு குளத்தையே உண்டாக்கி, அதிலிருந்து இறைத்துக் குடிப்பார்கள். வருஷக் கணக்கில் ஆயிரக்கணக்கான டன் பனி உருகியதில், அதற்குள் இருந்த துகளெல்லாம் குளத்தின் அடியில் படிந்து கிடந்தது. 1995-இல் சூசன் டெய்லர் குழு ஒரு உறிஞ்சும் இயந்திரத்தைக் குளத்துக்குள் இறக்கி, வீட்டுத் தரையைக் கூட்டுகிற மாதிரி அடியைக் கூட்டி எடுத்தது. சுமார் கி.பி. 1100-இலிருந்து 1500 வரை விழுந்த பனி அது, நம் பிற்காலச் சோழர் ஆட்சியில் தொடங்கி விஜயநகரம் வரை. குடிநீர்த் தொட்டி கழுவியதில் கிடைத்த விடை: உருகிய உருண்டைகள் மட்டும் வருஷத்துக்கு 2,700 டன், கூடக்குறைய 1,400. கான்கார்டியாவில் உருண்டை மட்டும் 3,600, உருகாதது 1,600. வேறு இடம், வேறு நூற்றாண்டு, வேறு முறை, ஆனாலும் உருண்டைக் கணக்கு பிழை எல்லைக்குள் ஒத்துப் போகிறது. எனக்கு இது போதும்.

இப்போது 100 டன். அது தரையில் அளந்தது இல்லை. 1984-இல் ஒரு விண்வெளி ஓடம் பேருந்து அளவுள்ள ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டுவிட்டு வந்தது. எல்டெஃப் என்பார்கள். 1990 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தபோது அதன் அலுமினியத் தகடு முழுக்க அம்மைத் தழும்பு. லவ், பிரவுன்லீ என்ற இருவர் நூற்றுக்கணக்கான பள்ளங்களை அளந்து, இந்தப் பள்ளத்துக்கு இந்த எடை என்று பின்னோக்கிப் போய், 1993-இல் வருஷத்துக்கு 40,000 டன், கூடக்குறைய 20,000 என்றார்கள். 365-ஆல் வகுத்தால் 110. உங்கள் 100 டன் அங்கிருந்து வந்தது. அது வளிமண்டலத்தின் வாசலில் வருவது, தரையில் விழுவது இல்லை. நடுவில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. கான்கார்டியா குழுவே வாசல் கணக்கைப் பின்னோக்கிப் போட்டு 15,000 டன் என்கிறது, நாளைக்கு 41. மிச்ச வித்தியாசம் பள்ளத்தை எடையாக மாற்றும்போது எந்த வேகம் வைத்தீர்கள் என்பதில் இருக்கிறது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் எடை ஏறிவிடும்.

ஆவியானது காணாமல் போவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். மேலே அது மீண்டும் சேர்ந்து புகை மாதிரி நுண்பொடியாகி வருஷக் கணக்கில் மெல்ல இறங்குகிறது. சல்லடையில் அது எப்படிச் சிக்கும்? ஆனால் பனியில் இரிடியமாகவும் பிளாட்டினமாகவும் தெரியும், கிரீன்லாந்தில் ஆழத் துளைத்து எடுத்த கிரிப் (GRIP) பனித்தண்டில் 2004-இல் கப்ரியெல்லி குழு கண்டது அதைத்தான். ஆக மகளுக்குச் சொல்லுங்கள், வாசலில் எண்ணினால் ஒன்று, வீட்டுக்குள் எண்ணினால் ஒன்று.

உப்புக்கண்டம்:

கிணறு விஷயம் தெரியாது சார். வேறு வேறு முறை ஒத்துப் போனால் நானும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லாம் சோழர் காலப் பனியைக் குடித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

மண்ணியல்_மாணவி:

இன்னொரு முறையும் இருக்கிறது, ஹீலியம்-3. விண்ணில் திரியும் தூசியில் சூரியக் காற்று ஹீலியத்தைப் புதைத்து வைக்கிறது, பூமி மண்ணில் அந்த ஐசோடோப் மிகவும் குறைவு. துகளைப் பொறுக்கவே வேண்டாம், பனியை உருக்கி வடிகட்டியையே சூடாக்கி வாயுவை அளந்துவிடலாம். 2006-இல் விங்க்லர், பிஷர் இருவரும் அன்டார்ட்டிகாவில் 30,000 வருஷத்துக்கு இப்படிப் பார்த்தார்கள். பனியுகத்தில் பூமித் தூசி பல மடங்கு கொட்டியிருக்கிறது, விண்தூசி மட்டும் ஏறக்குறைய ஒரே சீராக விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. இங்கே என்ன ஆனால் எனக்கென்ன என்கிற மாதிரி.

எப்போதும் சீராகத்தான் என்றும் இல்லை. டோம் சி-யின் ஆழமான பனித்தண்டில் 4,34,000, 4,81,000 வருஷத்துக்கு முந்தைய இரண்டு மெல்லிய அடுக்குகளில் விண் உருண்டைகள் குப்பலாகக் கிடைத்தன. முதல் அடுக்கை ஒத்த துகள்கள் அன்டார்ட்டிகாவிலேயே ஜப்பான் நிலையம் இருக்கும் டோம் ஃபூஜியிலும், பெல்ஜிய நிலையத்துக்குத் தெற்கே சோர் ரொண்டானே மலை உச்சி ஒன்றின் மண்ணிலும் கிடைத்தன. தரையில் பள்ளம் இல்லை. குறைந்தது 100 மீட்டர் அளவுள்ள ஏதோ ஒன்று தாழ்வாக வெடித்து, ஆவி நெருப்பாகவே பனியைத் தொட்டிருக்க வேண்டும் என்று 2021-இல் வான் ஜின்னெக்கன் குழு எழுதியது. துங்குஸ்கா இல்லாவிட்டால் என்ன, அதன் பாட்டன் கிடைத்துவிட்டான்.

ஆனால் எனக்கு மண்டை காய்ந்த விஷயம் 2019-இல் வந்தது. அன்டார்ட்டிகாவில் ஜெர்மனியின் கோனன் நிலையத்துக்குப் பக்கத்தில் 500 கிலோ பனியை வெட்டி, உருகவிடாமல் ம்யூனிக் வரை கொண்டுபோனார்கள். இருபது வருஷத்துக்கு உட்பட்ட புதுப் பனி. டோமினிக் கோல் குழு அதை உருக்கி, வடிகட்டி, ஆவியாக்கி, துகள் முடுக்கியில் வைத்து அணு அணுவாக எண்ணியபோது இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு இருந்தது. அதன் அரை ஆயுள் 26 லட்சம் வருஷம். பூமி பிறந்தபோது இருந்ததெல்லாம் எப்போதோ அழிந்திருக்கும், வெடிக்கும் பெரிய நட்சத்திரத்தில்தான் அது நிறைய உண்டாகும். அண்டக் கதிர் பட்டு இங்கேயே தூசியில் உண்டாகியிருக்குமோ என்று மாங்கனீஸ்-53-ஐயும் அளந்து கழித்துப் பார்த்தார்கள், அப்படியும் மிச்சம் நின்றது. அதாவது இப்போது, நாம் இதைத் தட்டச்சு செய்யும் காலத்தில், வேறு ஒரு நட்சத்திரம் செத்த சாம்பல் விழுந்துகொண்டிருக்கிறது. சூரியக் குடும்பம் கடந்து போய்க்கொண்டிருக்கும் மேகத்திலிருந்து வரலாம் என்பது அவர்கள் ஊகம்.

கான்கார்டியாவில் கிடைத்த சில துகள்களில் பாதிக்கும் மேல் கரிமப் பொருள், அதில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் பூமியின் தண்ணீரில் இருப்பதைப் போல 10 முதல் 30 மடங்கு. சூரியனுக்கு வெகு தூரத்தில், கடுங்குளிரில் உண்டானால்தான் அப்படி இருக்கும், வால்நட்சத்திரச் சரக்கு. கான்கார்டியா குழுவின் கணக்கில் மொத்தத் தூசியில் 80 சதவீதம் வால்நட்சத்திரம், மிச்சம் சிறுகோள். விழும் விண்கற்கள் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 10 டன்கூடத் தேறாது. காட்சிசாலையில் வைப்பது கல்லை, சரக்கு மொத்தமும் வருவது தூசியாக.

ஒஸ்லோக்_கூரை:

தங்கச்சி, ஒரு துகள் எவ்வளவு பாரம் இருக்கும்? பீலியில் திரும்ப ஏறலாமா என்று யோசிக்கிறேன்.

மண்ணியல்_மாணவி:

100 மைக்ரான் உருண்டை என்றால் ஒன்றரை மைக்ரோகிராம் அண்ணா. ஏணி வழுக்கும், பார்த்து.

ஆறாவது_விரல்:

எல்லோருக்கும் நன்றி. முழுத் திரியையும் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். வாசல் கணக்கு, உள் கணக்கு என்றதை ஒப்புக்கொண்டாள், ஆனால் "நீங்கள் விழுது என்றுதானே சொன்னீர்கள், வாசலில் வருது என்று சொல்லவில்லையே" என்று அதிலும் ஒரு பிடி வைத்திருக்கிறாள்.

இன்று காலை மாடியில் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து, மேலே கொசுவலையைக் கட்டி, சுற்றிலும் செங்கல் அடுக்கிவிட்டாள். கொசுவலை எதற்கு என்றால் காக்கை எச்சத்துக்கு. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தாம்பாளத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர், பரப்பு ஒரு சதுர மீட்டரில் எட்டில் ஒரு பங்கு, வருஷத்துக்கு 10 மைக்ரோகிராம் என்றால் இதில் விழுவது ஒன்றேகால் மைக்ரோகிராம். உங்கள் ஒன்றரை மைக்ரோகிராம் உருண்டை வருஷத்துக்கு ஒன்றுகூட முழுசாக வரவில்லை. மழைக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று என்னைக் கேட்கிறாள்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து குரல் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்குத் தாம்பாளம் வேண்டுமாம்.